பெட்டியில் 3000, பின்னறையில் 18: யாரிடம் கேட்பது?

கோவை மாவட்டத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வாடகை வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே மூன்று நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. பிராட்பேண்ட் நிறுவனம் கொடுத்த பெட்டி முன்னறையில் இருக்கிறது, அவர் வேலை செய்வதோ பின்னறையில். காணொளி அழைப்புகள் பாதியில் அறுந்துபோனதால், ஊரில் உள்ள ஒரு கணினிக் கடையில் கேட்டிருக்கிறார். வீட்டின் அமைப்பை வாட்ஸ்அப்பில் வரைந்து அனுப்பி, "பின்னறை வரை தடையில்லாமல் வர என்ன வாங்கலாம்?" என்று கேட்டதற்கு, வீட்டின் வெவ்வேறு இடங்களில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும், மூன்று பெட்டிகள் கொண்ட 'மெஷ்' வைஃபை செட் ஒன்றைக் கடைக்காரர் பரிந்துரைத்தார். விலை 16,500 ரூபாய். யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தப்பட்டது. கிடைத்தது கையால் எழுதிய ஓர் எஸ்டிமேட் சீட்டு. அதன் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற முத்திரை.

வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. பெட்டியின் மேல் 3000 என்று அச்சிட்டிருக்க, பின்னறையில் விநாடிக்கு 18 மெகாபிட்தான் வருகிறது. மூன்று பெட்டிகளில் ஒன்று தினமும் சூடேறித் தானாகவே அணைந்து எழுகிறது. கடைக்காரர் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரிலோ, முறையான பில் இல்லாவிட்டால் தயாரிப்புத் தேதியிலிருந்துதான் வாரண்டி கணக்கிடுவோம், அப்படிப் பார்த்தால் ஓராண்டு முடிந்துவிட்டது என்கிறார்கள். பிராட்பேண்ட் நிறுவனம் "உங்கள் ரவுட்டர்தான் கோளாறு" என்று கைவிரிக்கிறது. இதற்கிடையே முக்கியமான ஓர் அழைப்பு துண்டிக்கப்பட்டு, ஒரு வாடிக்கையாளர் விலகிவிட்டார். மூவர் மீதும் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா என்பது கேள்வி. சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் மறுப்பதையும், செலவைப் பகிர்ந்துகொள்ள இணைப்பைக் கீழ்வீட்டுக்கும் கொடுக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேரும் மாறி மாறி அடுத்தவரைக் கைகாட்டும்போது ஏற்படும் சோர்வு உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மூவர் மீதும் ஒரே வழக்கு என்ற எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் ஒரே குறையாக எழுதியிருப்பதற்குள் நான்கு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. ஒன்றில் உங்கள் பக்கம் மிக வலுவானது, இன்னொன்றில் அநேகமாக யார் மீதும் தவறில்லை. இவற்றை ஒரே மனுவில் கலந்தால், வலுவான பகுதியையும் எதிர்தரப்பு நீர்த்துப்போகச் செய்துவிடும்.

நீங்கள் நுகர்வோர்தான்

"தொழிலுக்காக வாங்கியது, எனவே நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கடைக்காரர் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் அதே வரையறையின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் தன் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இதைப் பற்றிய முக்கியமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1995ஆம் ஆண்டு வந்தது. லக்ஷ்மி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற அந்த வழக்கின் எதிர்தரப்பு உங்கள் கோவையைச் சேர்ந்த நிறுவனம்தான். பெரிய இயந்திரம் வாங்கிய தொழிற்கூடம் அந்த வழக்கில் தோற்றது. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை விளக்கும்போது, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர், தானே இயக்கிப் பிழைக்கக் கடைசல் இயந்திரம் வாங்குபவர் போன்றோர் நுகர்வோரே என்று நீதிமன்றம் சொன்னது. பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுக்கத் தட்டச்சுப்பொறி வாங்குவதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது. வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து நீங்களே கணக்கு எழுதப் பயன்படுத்தும் ரவுட்டருக்கும் அதே அளவுகோல்தான். நாளை நான்கு ஊழியர்களை அமர்த்தி அவர்களுக்காக இதே கருவியை வாங்கினால் கதை மாறக்கூடும். இன்று உங்கள் நிலை உறுதியானது.

பெட்டியில் அச்சிட்ட எண்

இங்கேதான் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. "3000 என்று ஏமாற்றி விற்றார்கள்" என்ற வாதம் நிற்காது. அந்த எண் இணைய வேகத்தைக் குறிப்பது அல்ல. இந்த வகைக் கருவிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் உச்ச இணைப்பு வேகம் 2402 மெகாபிட், 2.4 கிகாஹெர்ட்ஸில் 574. இரண்டையும் கூட்டினால் 2976. அதை முழு எண்ணாக்கி 3000 என்று போடுகிறார்கள். உங்கள் மடிக்கணினி ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் இணையும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை எந்த வீட்டிலும் எவருக்கும் கிடைப்பதில்லை. அதோடு நீங்கள் மாதக் கட்டணம் கட்டுவது 100 மெகாபிட் திட்டத்துக்கு. எந்தப் பெட்டியை வைத்தாலும் அதற்கு மேல் இணையம் வராது. இப்படி எண் போடுவதை நான் நேர்மையான வழக்கமாகக் கருதவில்லை. சாதாரண மக்கள் அதை வேகம் என்றுதான் படிக்கிறார்கள் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். ஆனால் உலகம் முழுவதும் எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பெயரிடும் முறை அது. உங்கள் வழக்கை அதன் மேல் கட்டாதீர்கள்.

18 மெகாபிட் வருவதற்கும் காரணம் இருக்கிறது. நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தில் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் படிக்கட்டும் இரண்டு சுவர்களும் இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைக் கடக்கும்போது பெரிதும் வலுவிழக்கும். பொருத்த வந்தவர் மூன்றாவது பெட்டியைப் பின்னறையிலேயே வைத்திருக்கிறார். அந்தப் பெட்டி முன்னறைப் பெட்டியிடமிருந்து வாங்குவதும் உங்கள் கணினிக்குக் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் நடப்பதால், பலவீனமாக வந்த வேகம் ஏறக்குறைய இன்னும் பாதியாகிறது. வழக்கு எதுவும் இல்லாமல் இதைச் சரிசெய்யலாம். மூன்று பெட்டிகளிலும் லேன் கேபிள் செருகும் இடம் உண்டு. முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரே ஒரு கேபிள் இழுத்து மூன்றாவது பெட்டியில் செருகிவிட்டால், சுவர்களின் தடை அநேகமாகப் பொருட்டாகவே இருக்காது. கேபிளின் முனையில் எட்டுக் கம்பிகளையும் இணைக்கச் சொல்லுங்கள். நான்கை மட்டும் இணைத்துவிட்டுப் போகும் பழக்கம் சிலரிடம் உண்டு, அப்படிச் செய்தால் 100 மெகாபிட்டைத் தாண்ட முடியாது.

துளையிடத்தானே உரிமையாளர் மறுக்கிறார் என்பீர்கள். அது அவர் உரிமை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படியும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கட்டடத்தில் மாற்றம் செய்யக்கூடாது. ஆனால் கேபிளுக்குத் துளை அவசியமில்லை. கதவுச் சட்டத்தின் ஓரமாக, ஒட்டும் வகைப் பிளாஸ்டிக் பட்டைக்குள் கொண்டு போகலாம். வெளிப்புறமாக ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கும் இழுக்கலாம், அப்போது வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக வாங்குங்கள். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றித் தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மறுத்தவர்கள் பலர் அதற்குச் சம்மதித்து நான் பார்த்திருக்கிறேன்.

சூடேறும் பெட்டியும் பில்லும்

உங்கள் உண்மையான வழக்கு இதுதான். முதலில் ஒரு சோதனை. அணைந்து எழும் பெட்டியையும் நன்றாக இருக்கும் ஒரு பெட்டியையும் இடம் மாற்றி, அடாப்டர்களையும் மாற்றிப் பொருத்துங்கள். கோளாறு அந்தப் பெட்டியோடே போனால் குறை பெட்டியில். பழைய இடத்திலேயே தங்கினால் அங்குள்ள மின்சாரப் பிளக்கில். அடாப்டரோடு போனால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு மூன்று நாள் பார்த்து, தேதியும் நேரமும் தெரியும்படி கைப்பேசியில் காணொளி எடுத்து வையுங்கள். பொருளில் குறை இருக்கிறதா என்று நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும், காலமும் நீளும். தெளிவான காணொளியும் சர்வீஸ் சென்டரின் எழுத்துப்பூர்வ அறிக்கையும் இருந்தால் அந்தச் சுற்று பெரும்பாலும் தேவைப்படாது.

குறை பெட்டியில்தான் என்று உறுதியானால் கடைக்காரரால் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வாரண்டி கொடுப்பது தயாரிப்பாளர் என்பதால் விற்றவரின் பொறுப்பு மறைந்துவிடாது. "திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற முத்திரை உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ, காலம் குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நீங்கள் முதல் புகாரை எப்போது அனுப்பினீர்கள் என்று வாட்ஸ்அப்பில் தேடுங்கள். அந்த 30 நாளுக்குள் என்றால் மிகவும் நல்லது. அதற்குப் பிறகு என்றாலும், குறையுள்ள பொருளை விற்றதற்கான புகார் உரிமை இருக்கவே செய்கிறது. வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இன்னும் ஒரு வலுவான ஆதாரம் உங்கள் கையில் இருக்கிறது, அதன் மதிப்பை நீங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வீட்டின் படத்தை அனுப்பி, தேவையைச் சொல்லி, எது வாங்கலாம் என்று கேட்டீர்களே, அந்த உரையாடல். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருப்பதாகச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, 16ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களே பெயர் சொல்லி இன்ன பிராண்டுதான் வேண்டும் என்று கேட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போயிருக்கும். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. அந்த உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து சேமியுங்கள். பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக்க பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று தேவைப்படலாம்.

அடுத்தது பில். ஜி.எஸ்.டி. இல்லாமல் வாங்கியதால் நீங்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகப் பயப்படுகிறீர்கள். பில் கொடுக்கும் கடமை விற்பவருடையது. கொடுக்காமல் இருப்பதும் அதே 2(47) பிரிவின்கீழ் நியாயமற்ற நடைமுறைதான். ஒருவேளை அந்தக் கடை ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்புக்குக் கீழே வியாபாரம் செய்யும் சிறிய கடையாக இருந்தால் அவர் வரி வசூலிக்காதது தவறாகாது. அப்போதும் பொருளின் பெயர், பில் எண், தேதி, விலை எழுதிய பில் கொடுத்தே ஆக வேண்டும். பணம் செலுத்திய யு.பி.ஐ. பதிவில் தேதி, தொகை, பெற்றவர் பெயர் மூன்றும் இருப்பதால் வாங்கியதே இல்லை என்று அவரால் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை, 16,500 ரூபாய்க்கான பில்லை மூன்று பெட்டிகளின் வரிசை எண்களோடு எழுத்தில் கேட்பது. அந்த ஒரு தாள் கிடைத்தால் வாரண்டி நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து ஓடும், சர்வீஸ் சென்டர் மாற்றுப் பெட்டி தர வேண்டியிருக்கும். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. பெட்டியின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லையென்றால் அது முறையான வழியில் வந்த சரக்குதானா என்ற கேள்வி எழும், அப்போது கடைக்காரரின் நிலை இன்னும் பலவீனமாகும்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோனது

கடிதத்தின் நடுவில், "பொருத்த வந்த பையன் அவன் போனிலேயே செயலியை இறக்கி எல்லாம் செட் செய்துவிட்டுப் போனான், பாஸ்வேர்டும் அவனே வைத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேகம், வாரண்டி, இழப்பீடு எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது இந்த வரிதான்.

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் ஒரு கணக்கின் வழியாக நிர்வகிக்கப்படுபவை. அந்தக் கணக்கு அவருடைய எண்ணிலோ மின்னஞ்சலிலோ இருந்தால், உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் நிர்வாகி இன்றுவரை அவர்தான். எந்தெந்தக் கருவி எப்போது இணைந்திருக்கிறது என்று பல செயலிகளில் தொலைவிலிருந்தே பார்க்க முடியும். பாஸ்வேர்டை மாற்றலாம், இணைப்பை நிறுத்தலாம். அவர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் மூன்று நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களைக் கையாள்பவர். அவர்களோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருந்தால், ஏதாவது கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கணக்கை உங்களுக்கு மாற்றித் தருமாறும், இனி நுழைய அனுமதி இல்லை என்றும் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இதுவரை நுழைந்தது உங்கள் சம்மதத்தோடுதான் என்பதால் குற்றப் புகார் கொடுக்கும் நிலை இல்லை. அனுமதியைத் திரும்பப் பெற்ற பிறகும் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு வரும், தீய நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவும் சேரும். அவர் மாற்றித் தருவதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குறைகளின் படங்களையும் காணொளிகளையும் எடுத்து முடித்த கையோடு, மூன்று பெட்டிகளையும் ரீசெட் செய்து உங்கள் எண்ணிலேயே புதிதாக அமையுங்கள். ரீசெட் செய்தும் பழைய கணக்கிலிருந்து விடுபடாத கருவிகளும் உண்டு, அப்போது வரிசை எண்ணோடு தயாரிப்பாளரின் உதவி மையத்தை அணுக வேண்டும். வைஃபை பாஸ்வேர்டும் நிர்வாகப் பாஸ்வேர்டும் வெவ்வேறாக இருக்கட்டும்.

பிராட்பேண்ட் நிறுவனம்

மடிக்கணினியை அவர்களுடைய பெட்டியிலேயே கேபிளால் நேரடியாக இணைத்து, காலை, மாலை, இரவு என்று சில நாள் வேகத்தை அளந்து குறித்து வையுங்கள். 90க்கு மேல் தொடர்ந்து வந்தால் அவர்கள் மீது குறையில்லை, வழக்கில் சேர்க்காதீர்கள். கேபிளிலும் குறைந்தாலோ அறுந்தாலோ அவர்களிடம் புகார் பதிந்து அதற்கான எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தீராவிட்டால் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புச் சேவைக் குறைகளுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்துவிட்டது.

இழந்த வாடிக்கையாளர்

இரண்டு லட்சம் என்ற தொகையை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இழப்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக எழும் இழப்புக்கு, அல்லது ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்புக்குத்தான் ஈடு தருகிறது. தொலைவான, மறைமுகமான இழப்புக்கு இல்லை. அந்த வாடிக்கையாளர் அந்த ஓர் அழைப்புக்காக மட்டுமே விலகினார் என்பதையும், அன்று இணைப்பு அறுந்ததற்கு அந்தப் பெட்டியே காரணம் என்பதையும் நீங்கள் நிறுவ வேண்டும். அவரே மின்னஞ்சலில் அப்படி எழுதியிருந்தாலொழிய அது மிகக் கடினம். குறையுள்ள பெட்டியை மாற்றுவது அல்லது பணத்தைத் திருப்புவது, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். அளவோடு கேட்கும் மனுவை ஆணையம் நம்பிக்கையோடு படிக்கும்.

கீழ்வீட்டுக்குக் கொடுப்பது வேண்டாம். வீட்டு இணைப்பைப் பிறருக்குப் பகிர்வதையோ அதற்குப் பணம் பெறுவதையோ பிராட்பேண்ட் ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடைசெய்கின்றன. அதைவிட முக்கியமானது, அந்த இணைப்பிலிருந்து யாராவது ஏதாவது செய்தால் காவல்துறை முதலில் தட்டுவது சந்தாதாரரின் கதவை. கீழ்வீட்டுக்கு வரும் விருந்தினர் வரை நீங்கள் கண்காணிக்க முடியாது. மாதம் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக, வாடிக்கையாளர் கணக்குகள் புழங்கும் நெட்வொர்க்கைத் திறந்துவைக்காதீர்கள்.

எந்த வரிசையில் போவது

இந்த வாரமே கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பில், குறையுள்ள பெட்டிக்கு மாற்று, செயலிக் கணக்கை ஒப்படைத்தல் ஆகிய மூன்றையும் 15 நாளுக்குள் செய்யுமாறு கேளுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்பி, நகலைத் தயாரிப்பாளரின் இந்திய அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் செய்யுங்கள். இதற்கு வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை, உங்கள் சொந்தச் சொற்களில் மரியாதையாக எழுதினால் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் அல்ல, கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை. இருந்தாலும் தயாரிப்பு நிறுவனங்கள் அங்கிருந்து வரும் புகாருக்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகின்றன.

அதற்கும் அசையாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் வடக்கே இருக்கிறது, அங்கே அலைய முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அலைய வேண்டாம். புகார் கொடுப்பவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், நீங்களே வாதிடலாம். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். கடைக்காரரையும் தயாரிப்பாளரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள்.

கேபிள் வேலைக்கு இதில் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடுங்கள். அதன் பிறகும் பின்னறையில் வேகம் வராவிட்டால், பெட்டிகளின் மாடல் எண்ணையும் கேபிளில் அளந்த வேகத்தின் குறிப்புகளையும் சேர்த்து மறுபடியும் எழுதுங்கள். கடைக்காரரின் பதில் கடிதம் வந்திருந்தால் அதன் நகலும் வேண்டும்.